லிபின் எழுதிய மேஜை

என் வீட்டுக்காரரிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. உடைந்தது எதையும் உடைந்தபடி விடமாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காரும் முன் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுக் காலை ஆட்டிப் பார்ப்பார். வேதக்கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது அவர் கண் முன்பெஞ்சின் மூட்டுவாயில்தான் இருக்கும். மரத்தில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் அவருக்குத் தெரியும். பக்கத்தில் ஒருத்தி மனம் வெடித்து உட்கார்ந்திருந்தால் மட்டும் தெரியாது. இது நான் அவர் மேல் வைத்திருந்த பழைய புகார். இப்போது அதை முழுசாகச் சொல்ல முடியவில்லை.

தாசையன் என்றால் திருவனந்தபுரத்தில் பழைய மரச்சாமான் வைத்திருக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். கவடியாரிலிருந்தும் சாஸ்தமங்கலத்திலிருந்தும் கார் போட்டுக்கொண்டு நேமத்துக்கு வருவார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. புதிதாக ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கெல்லாம் பாட்டன் காலத்து அலமாரியும் சாய்வு நாற்காலியும் வேண்டியிருக்கிறது, அதனால் வேலைக்கு ஒரு குறையும் இல்லை. முன்னறையில் நான் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். பின்னால் உளிச் சத்தம், முன்னால் மெஷின் சத்தம், நடுவில் பிள்ளைகள் இரண்டும் படித்து வளர்ந்தார்கள். மூத்தவள் ஷெமி இப்போது கழக்கூட்டத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். இளையவன் லிபின்.

அந்த மேஜை வந்தது லிபின் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது. வழுதக்காட்டில் ஒரு பழைய பங்களாவை இடித்தார்கள். கதவும் உத்தரமும் ஏலத்தில் போனபிறகு மூலையில் கிடந்த இதை யாரும் சீந்தவில்லை. ஒரு கால் ஒடிந்து, மேற்பலகையில் ஒட்டியிருந்த தோலை எலி கடித்து, மேலெல்லாம் கோழி எச்சம். இவர் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறார். மகாகனி. பெட்டி ஆட்டோவின் பின்னால் அதைக் கட்டிப்பிடித்தபடி வந்து இறங்கினார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. நான் அதை அப்போதே சொல்லிக் காட்டினேன்.

எச்சத்தைக் கழுவிய பிறகுதான் எனக்கும் வாய் அடைத்தது. மேஜையின் ஓரமெல்லாம் நல்லமிளகுக் கொடி. இலையும் காம்பும் சரம் சரமாகத் தொங்கும் மிளகுமாக யாரோ ஒரு ஆசாரி செதுக்கியிருந்தார். இலைகளின் அடிப்பக்கத்தில்கூட நரம்பு எடுத்திருந்தார். தரையில் படுத்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

“இத யாரு படுத்துப் பாக்கப் போறா?” என்று கேட்டேன்.

“கொத்தினவனுக்குத் தெரியுமில்லியா,” என்றார்.

இழுப்பறைகள் அதைவிட விசேஷம். ஆணியே இல்லாமல் இரண்டு கை விரல்களைக் கோத்ததுபோல மூலைகளை இணைத்திருந்தார்கள். உள்ளே காற்றுக்கும் இடம் கிடையாது. வலது இழுப்பறையைத் தள்ளி மூடினால் இடது இழுப்பறை தானாக மெல்ல வெளியே வரும். அதைத் தள்ளினால் இது வரும். லிபின் அன்று சாயங்காலம் முழுக்க இதையே செய்துகொண்டிருந்தான். உள்ளே யாரோ உட்கார்ந்து தள்ளுகிறார்கள் என்று அக்காளைப் பயங்காட்டினான்.

கொடியில் ஒன்றிரண்டு இலைகள் உடைந்து போயிருந்தன. இவர் வேறு மகாகனித் துண்டில் இலை செதுக்கி ஒட்டி, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் வட்டம் வட்டமாகத் தேய்த்து, பழையதோடு கலந்துவிட்டார். லிபின் டார்ச் அடித்துக்கொண்டு மேஜைக்கடியில் கிடந்து தேடினான். “எதுப்பா உங்க இலை?” என்று எத்தனையோ தரம் கேட்டான். இவர் சொல்லவே இல்லை. ரிப்பேர் செய்த இடம் தெரிந்தால் அது ரிப்பேர் இல்லை என்பது அவருடைய வேதம்.

மேற்பலகைக்கு மட்டும் பாலிஷ் போடவில்லை. எலி கடித்த தோலைப் பிய்த்து எடுத்தபோது அடியில் பலகை வெளுத்து, வெறும் மரமாக இருந்தது. பிறகு நல்ல தோல் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம் என்று எண்ணெய் மட்டும் பூசி விட்டார். அந்தப் பிறகு வரவே இல்லை. மேஜை லிபினுடைய அறைக்குப் போயிற்று.

அவனுக்குக் கனத்த கை. பேனாவை உளி பிடிப்பதுபோலப் பிடிப்பான். நோட்டை விரித்து எழுத மாட்டான். ஒற்றைத் தாளைக் கிழித்துப் பலகை மேல் போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, அமுக்கி எழுதுவான்.

“எடேய், அடியில ஒரு புஸ்தகத்த வச்சு எழுது. பலக வடுப்படுதில்லா,” என்று இவர் கத்துவார்.

“செரிப்பா,” என்பான். வைக்கமாட்டான். பாலிடெக்னிக் போனபிறகும் அதே கதைதான்.

போன வருஷம், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடப் படிக்கிற பையன்களோடு பொன்முடிக்குப் போனான். திரும்பி வரும்போது கல்லாற்றில் இறங்கியிருக்கிறார்கள். மேலே மலையில் மழை பெய்து வெள்ளம் வருவது கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. கிரீஷ் என்ற பையன்தான் போன் பண்ணினான். அவனால் பேச முடியவில்லை, அழுதான். எனக்கு அப்போதே எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் கல்லாறு போய்ச் சேரும்வரை, ஈரத்துணியோடு நிற்பானே என்று ஒரு மாற்றுச் சட்டையை மடியில் வைத்திருந்தேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் அவனைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியவில்லை. நான் எடுத்தால் இவர் எழுந்து பட்டறைக்குப் போய்விடுவார். கொஞ்ச நேரத்தில் இழைப்புளிச் சத்தம் கேட்கும். ஷெமி என்னை அணைத்துக்கொண்டு, “மதி அம்மே, கரயாதே,” என்று மலையாளத்தில் சொல்லுவாள், போதும், அழாதே என்று. அவளுக்கு மனம் கலங்கினால் மலையாளம்தான் வரும். இவருடைய அக்கா சரோஜம் மைனி வந்து கொஞ்ச நாள் தங்கினாள். நல்ல மனுஷிதான். நான் அவனுடைய நோட்டுகளை விரித்து வைத்துக்கொண்டு சோறு தண்ணியில்லாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு, நான் குளிக்கப் போன நேரத்தில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டாள். துணிமணியை ஏழைகளுக்குக் கொடுத்தாயிற்று. அவன் போன் ஆற்றோடு போயிற்று. மைனியை நான் திட்டாத திட்டு இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு, “நீ பிழைக்கணுமே பிள்ளே,” என்றாள்.

அப்புறம் ஒரு நாள், வெயில் சாயும் நேரத்தில், அவன் அறையைத் துடைக்கப் போனேன். மேற்கு ஜன்னல் வழியாக வெளிச்சம் பலகை மேல் படுக்கை வாட்டத்தில் விழுந்தது. பலகை முழுக்க எழுத்து.

மையில்லாத எழுத்து. பேனா தாளுக்கு மேல் ஓட, அடியில் மரம் அமுங்கி அமுங்கிப் பதிந்திருந்தது. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தலையைச் சாய்த்து வெளிச்சத்தை வாகாக வாங்கினால் ஒவ்வொன்றாக வரும். வெளிச்சம் போனபிறகு விரலால் தடவிப் படித்தேன். தையல்காரி விரலுக்கு அது பெரிய காரியமில்லை. இருட்டிலும் துணியின் நூலோட்டம் பார்க்கிற விரல் இது.

பெரிய விஷயம் எதுவும் இல்லை. கணக்குகள் பாதி பாதியாக. இடது ஓரத்தில் ஒரு நம்பர். மலையாளத்தில் “நாளை முதல்” என்று இரண்டு வார்த்தை, நாளை முதல் என்ன செய்வதாக இருந்தான் என்று தெரியாது. ஒரு மோட்டார் சைக்கிள் படம், சக்கரம் கோணலாக. வலது மூலையில் ரொம்பச் சிறிதாக ‘ஆர்ஷா’ என்று ஒரு பெண் பெயர், அதன்மேல் அவசரமாக ஒரு கோடு. யாரம்மா நீ என்று அந்தப் பெயரைப் பார்த்துக் கேட்டேன். அவன் போனபிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

தினமும் அந்த நேரத்துக்கு ஜாக்கெட் தைப்பதை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவேன். என் பிள்ளையின் கை அழுத்தம் எனக்கு மட்டும் மிச்சமிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மைனி மாதிரி யாராவது என் நல்லதுக்கு ஏதாவது செய்துவிடுவார்கள் என்று பயம்.

வருஷ ஜெபம் வந்தது. எங்கள் ஆட்களில் ஒரு வருஷம் நிறையும்போது வீட்டில் சொந்தபந்தத்தைக் கூட்டி, போதகரை வரவழைத்து ஜெபம் வைப்பார்கள். நடுவறையில் ஒரு மேஜை போட்டு, செத்தவர்களின் போட்டோவும் வேதபுத்தகமும் மெழுகுதிரியும் வைப்பார்கள். அதற்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்து, கதவு ஜன்னலெல்லாம் துடைத்துச் சுத்தம் பண்ணுவதும் வழக்கம். நான் சொந்தக்காரர்களைக் கூப்பிட மார்த்தாண்டத்துக்குப் போனேன். ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, ஒவ்வொரு வீட்டிலும் அழுது, தங்கச்சி வீட்டில் இரண்டு மூன்று நாள் தங்கித் திரும்பினேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஸ்பிரிட் வாசனை அடித்தது. நடுவறையில் லிபின் மேஜை நின்றது. புதுச் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால், தேன் நிறத்தில், கண்ணாடிபோல மின்னியது. மிளகுக் கொடியில் ஒவ்வொரு இலையும் கழுவினதுபோல நின்றது. மேற்பலகையில் என் முகம் தெரிந்தது. இவர் சுவரோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“பாலிஷ் காயல்ல ராஜம். தொடாண்டாம்,” என்றார்.

நான் பையைக் கீழே போட்டேன். பத்து விரலையும் பலகை மேல் வைத்து இழுத்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தேன். ஒரு மேடு பள்ளம் இல்லை. குனிந்து, தலையைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தேன். என் விரல்கள் இழுத்த கோடு மட்டும்தான் இருந்தது.

“இதில இருந்தது எங்க?” என்றேன்.

அவர் என் விரல் இழுத்த கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கேக்குதேனில்லா? இதில இருந்ததெல்லாம் எங்க?”

“ஜெபத்துக்கு ஆளு வருமில்லா. வடுவும் குழியுமாக் கெடந்துது. எடுத்தேன்.”

எப்படி எடுத்தார் என்று எனக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. என் இஸ்திரிப் பெட்டி மேஜைக்கடியில் இருந்தது. பக்கத்தில் மடித்த ஈரத்துணி. மரம் வெட்டுப்பட்டால்தான் நார் அறுபடும். அமுங்கினால் நார் சும்மா நசுங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். ஈரத்துணியைப் போட்டுச் சூட்டுப் பெட்டியை அழுத்தினால் ஆவி உள்ளே இறங்கி, நசுங்கின நார் தண்ணீர் குடித்து ஊதி, பழையபடி எழும்பிவிடும். எத்தனையோ பெரிய வீட்டு மேஜைகளில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்திருக்கிறேன். பார்த்துப் பெருமைப்பட்டும் இருக்கிறேன். இந்தத் தடவை என் பெட்டியாலேயே என் பிள்ளையைத் தேய்த்து எடுத்துவிட்டார்.

நான் என்ன பேசினேன் என்று முழுக்க ஞாபகம் இல்லை. பக்கத்து வீட்டு ஜினி ஓடி வந்து வாசலில் நின்றது ஞாபகம் இருக்கிறது.

“எனக்க பிள்ளைய ஆறு கொண்டு போச்சு. மிச்சத்த நீங்க கொண்டு போயிட்டீங்களே. எனக்குன்னு இதாக்கும் இருந்துது. நீங்க மனுஷனா, இல்ல மரமா?”

அவர் கையைப் பின்னாலிருந்து எடுக்கவே இல்லை. அந்த நிற்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெறி ஏறியது.

ஷெமி வேலையிலிருந்து வந்து என்னை உள்ளே கூட்டிப் போனாள். விஷயம் புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளும் அந்த எழுத்துகளைப் பார்த்ததே இல்லை.

“ஒரு போட்டோ எடுத்து வச்சிருக்கலாமே அம்மா. போன்ல ஒரு கிளிக் போதுமே.”

“மேஜைய யாராவது போட்டோ எடுப்பாங்களா? அது வீட்டிலதானே இருக்கு, எங்க போகப்போகுதுன்னு நெனச்சேன்.”

அவள் என் தலையைத் தடவினாள். காலையில் எழுந்து பார்த்தபோது, நான் விரலால் இழுத்த கோடுகளும் இல்லை. விடியும் முன்பே இவர் எழுந்து பாலிஷைத் திரும்பப் போட்டுச் சரிசெய்திருந்தார். எனக்கு இவரோடு இனிப் பேச்சில்லை என்று அப்போது முடிவு செய்தேன். சோறு போட்டு மூடி வைப்பேன். அவர் தின்பார், பட்டறைக்குப் போவார். ஷெமி இரண்டு பேருக்கும் நடுவில் தூது போனாள். அவள் பாவம்.

ஜெப நாள் வந்தது. மார்த்தாண்டத்து ஆட்கள் வேனில் வந்தார்கள். கிரீஷும் மற்றப் பையன்களும் வாசல் பக்கமே ஒடுங்கி நின்றார்கள். மேஜை மேல் லிபின் போட்டோ இருந்தது. வழக்கப்படி வெள்ளைத் துணி விரிக்க நான் போனபோது மைனி தடுத்தாள். “என்னத்துக்கு மூடுத? இப்பிடி மின்னுதே. தம்பி பெத்த பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கல்ல,” என்றாள். வந்தவர்கள் எல்லோரும் முதலில் போட்டோவைப் பார்த்து அழுதார்கள், பிறகு குனிந்து மிளகுக் கொடியைத் தடவினார்கள். போதகர்கூட வேதபுத்தகத்தை வைக்கும் முன் ஒரு நிமிஷம் தயங்கி, கைக்குட்டையால் புத்தகத்தின் அடியைத் துடைத்துவிட்டு வைத்தார். பாட்டுப் பாடினோம். என் வாய் பாடியது, மனம் அந்தப் பலகையின் இடது ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. இவ்வளவு அழகாக என் பிள்ளையை யாராலும் அழிக்க முடியாது என்று நினைத்தேன்.

கடைசி வேனும் போயிற்று. ஷெமி மைனியைத் தம்பானூரில் ரயில் ஏற்றப் போனாள். அடுக்களையில் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு நடுவறைக்கு வந்தேன். இவர் மேஜைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாயங்கால வெயில் கதவு வழியாக உள்ளே வந்து கிடந்தது. போட்டோவையும் மெழுகுதிரியையும் ஒரு பக்கமாக நகர்த்தியிருந்தார்.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

“இஞ்ச ஒரு பஸ்சுக்க நம்பர் இருந்துது,” என்றார், இடது ஓரத்தைக் காட்டி. என்னிடம் சொல்கிறாரா, தனக்குத் தானே பேசுகிறாரா என்று தெரியவில்லை.

பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் தப்பாகச் சொன்னால் எப்படிப் பொறுப்பது?

“பஸ் நம்பர் இல்ல. அவனுக்க பரீட்ச நம்பர்.”

“ஓ,” என்றார். “அதுக்கு மேல மோட்டார் சைக்கிள்.”

“சக்கரம் கோணலா.”

“அது கோணல் இல்ல. ரோட்டு வளவுல திரும்புத மாதிரி வரஞ்சிருக்கான். முன்சக்கரம் சாயுமில்லியா.”

நான் எத்தனையோ சாயங்காலம் பார்த்த படம். எனக்குத் தோன்றவில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தேன்.

“உங்களுக்கு எல்லாம் தெரியுமா? தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?”

“நீ அதில கை வச்சு அழுகத பட்டற ஜன்னல் வழியா டெய்லி பாப்பேன். நீ உருகி உருகிப் போற. இதையும் எடுத்துட்டா எனக்க ராஜம் எழும்பிருவாள்னு நெனச்சேன். நம்ம கையில உள்ள தொழில் அதுதானே. வேற என்ன தெரியும் எனக்கு?”

மைனியை வைதது போல இவரையும் வைய வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. ஒரு வருஷமாக நான் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை என்று தோன்றியது. கன்னமெல்லாம் ஒட்டிப்போய், கிழவனாகிவிட்டிருந்தார்.

“வலது மூலையில அந்தப் பெண்ணுக்க பேரு,” என்றேன்.

“ஆர்ஷா. யாருன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“இன்னைக்கு வாசல்ல அந்தப் பையன்மாருக்க பின்னால ஒரு பிள்ள நின்னுது. மஞ்சச் சுடிதார். உள்ள வரவே இல்ல. அவளாத்தான் இருக்கும்.”

நான் அந்தப் பெண்ணைக் கவனித்திருக்கவில்லை. அதற்கும் அழுகை வந்தது. வெளியே பட்டறைக் கூரைமேல் காக்கை நடக்கும் சத்தம் கேட்டது.

“நடுவில உனக்கு என்ன தெரிஞ்சுது?” என்று கேட்டார்.

பலகையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் எனக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை. வெளிச்சத்திலும் வரவில்லை, விரலுக்கும் வரவில்லை. அவ்வளவு நெருக்கமாக, ஒன்றோடு ஒன்று ஒட்டி.

“ஒண்ணும் தெரியல்ல. சும்மா கிறுக்கி வச்சிருந்தான்.”

“கிறுக்கல் இல்ல.”

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஈரத்துணியப் போட்டு எடுத்தா அமுங்கின இடம் மட்டும் கறுத்துத் தெரியும். கொஞ்ச நேரந்தான். பின்ன நார் ஊதி எழும்பிரும். மத்ததெல்லாம் நான் அப்பிடி வாசிச்சு வாசிச்சுத்தான் எடுத்தேன். நடுவில உள்ளத கடைசிக்கு வச்சேன். துணிய எடுத்ததும் அவ்வளவும் தெளிஞ்சு வந்துது. தமிழாக்கும் ராஜம்.”

“தமிழா?”

லிபினுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. பள்ளிக்கூடத்தில் எல்லாம் மலையாளம். நான் சிலேட் வாங்கி வைத்து ‘அ’னா சொல்லிக்கொடுக்கப் பார்த்து, அவன் ஓடி ஓடி ஒளிந்து, நானே விட்டுவிட்டேன்.

“எனக்க கையெழுத்து,” என்றார். “தாசையன், தாசையன், தாசையன்னு வரி வரியா. லீவு லெட்டருக்குப் போட்டுப் பழகியிருக்கான், களவாணிப் பய. மேல உள்ளதெல்லாம் கோணல். கீழ வரவர எனக்கதேதான். கடைசியில நான் ஒரு இழுப்பு இழுப்பேனில்லா, அதுகூட. நானே போட்டதுன்னு சத்தியம் பண்ணிருப்பேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணல் மாணலாக, தெரியாத எழுத்தில் தகப்பன் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுவது கண்ணில் வந்தது.

“அப்போ அந்த இடத்தையாவது விட்டிருக்கலாமே! அதப் பாத்த பிறகும் எதுக்கு…”

“விடணும்னுதான் நெனச்சேன். தண்ணி உள்ள போயாச்சு, சூடும் கேறியாச்சு. பின்ன மரம் நம்ம சொல்லு கேக்காது. கண்ணு முன்னால ஒவ்வொண்ணா எழும்புது. முதல்ல மேல் வரி போச்சு. நான் கைய வச்சு அமுக்கினேன். எழும்பாத, எழும்பாதன்னு ரெண்டு கையும் வச்சு, எனக்க பாரம் முழுக்க வச்சு அமுக்கினேன் ராஜம். நிக்கல்ல. கைக்கு அடியிலயே எழும்பிற்று.”

நான் எழுந்து போய் அவர் கைகளைப் பிடித்து மலர்த்தினேன். மலர்த்த விடாமல் இழுத்தார், நான் விடவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் வெந்த தோல் கொப்புளம் உடைந்து, சுருண்டு, உள்ளே சிவந்து கிடந்தது. அரக்கு அதன்மேல் காய்ந்து ஒட்டியிருந்தது. அந்தக் கைகளோடு ஸ்பிரிட் துணியைப் பிடித்துப் பலகை முழுக்கத் தேய்த்திருக்கிறார். நான் வைத்த சோற்றை அந்தக் கையால்தான் பிசைந்து தின்றிருக்கிறார். இன்று வந்த எல்லோரிடமும் அந்தக் கையைத்தான் நீட்டியிருக்கிறார். நான் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

அடுக்களைக்குப் போய்த் தேங்காயெண்ணெயும் பழைய மல் துணியும் எடுத்து வந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையை என் மடியில் வைத்து, நோகாமல் தொட்டுத் தொட்டுப் பூசினேன்.

“எரியுதா?” என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினார். பிறகு, “எரியுது ராஜம்,” என்று சொல்லி, லிபின் போனபிறகு முதல் தடவையாக என் முன்னால் வாய்விட்டு அழுதார்.